சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டரையும் எம்ஆர்டியையும் சேர்த்து வேலைக்குப் போவது எப்படி: முதலில் பாதை, அப்புறம் வண்டி

சிங்கப்பூரில் வேலைக்குப் போகிற பலருக்கு ரயில் ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரைக்கும், இறங்கிய நிலையத்திலிருந்து வேலையிடம் வரைக்கும் உள்ள அந்த ஒன்றரை இரண்டு கிலோமீட்டர்தான் தொல்லை. நடந்தால் அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், ஃபீடர் பஸ்ஸுக்கு நின்றால் நேரம் போகும், டாக்சியென்றால் தினமும் கட்டுப்படியாகாது. இந்த இடைவெளிக்கு மடக்கும் மின்ஸ்கூட்டர் நல்ல வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாருக்கும் இல்லை, எல்லா வட்டாரத்துக்கும் இல்லை. கடையில் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, "சரி, இதை எங்கே ஓட்டலாம்?" என்று அதற்கப்புறம் விசாரிக்கிறவர்கள் நிறைய. இங்கே அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் வண்டியை எங்கே ஓட்டலாம் என்பதில் சட்டம் மிகக் கறாராக இருக்கிறது.

பாதை இருக்கிறதா?

2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. அந்த வருடம் செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதியதில் சைக்கிளில் வந்த 65 வயது மாது ஒருவர் இறந்துபோனார், அதற்கு முன்பே நடைபாதை விபத்துகளைப் பற்றி மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள், அதனால் தடை வந்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சுதான் விட்டார்கள். மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சாலையிலும் மின்ஸ்கூட்டருக்கு இடமில்லை. மிச்சம் இருப்பது சைக்கிள் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும்தான், அங்கே உச்ச வேகம் மணிக்கு 25 கிமீ.

ஆகவே காசைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் புளோக்கிலிருந்து நிலையம் வரை நடந்து பாருங்கள். சைக்கிள் படம் வரைந்த பாதை எங்கே தொடங்குகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒன்மேப் வரைபடத்தில் சைக்கிள் பாதைகளைப் பார்க்கலாம், ஆனால் கட்டுமானத் தடுப்பு, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒடுங்கிப்போகும் இடம், மேம்பாலப் படிக்கட்டு இதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். பாதை அறுகிற ஒவ்வோர் இடத்திலும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். தள்ளிக்கொண்டு நடப்பதில் தவறில்லை, நடைபாதையிலும் தள்ளலாம். ஆனால் ஒன்றரை கிலோமீட்டரில் எண்ணூறு மீட்டர் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களுக்குச் சுமை மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே நடப்பவர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு பாதை ஓடுகிற இடங்கள் இப்போது கூடிவிட்டன. 2025 ஜூலை 1 முதல் அந்த நடப்போர் பாதையில் சைக்கிளே ஓட்டக்கூடாது, மின்ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால் கண் தவறிப் போய்விடும். தரையில் உள்ள குறியைப் பார்த்து ஓட்டுங்கள், முன்னால் போகிறவர் எதில் போகிறார் என்று பார்த்து ஓட்டாதீர்கள்.

அதேபோல உங்கள் புளோக்கின் கீழ்த்தளம். பெரும்பாலான நகர மன்றங்கள் வாய்ட் டெக்கிலும் பொதுவெளி நடைவழிகளிலும் இந்த வண்டிகளை ஓட்டத் தடை போட்டிருக்கின்றன. லிப்டிலிருந்து இறங்கியதும் ஏறி உட்கார்ந்து, இல்லை நின்றுகொண்டு, கிளம்பிவிட முடியாது. சைக்கிள் பாதை தொடங்குமிடம் வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

தெம்பனிஸ், அங் மோ கியோ, பொங்கோல், ஈசூன் போன்ற நகர்களில் சைக்கிள் பாதைகள் நிலையம் வரைக்கும் ஓரளவுக்குத் தொடர்ச்சியாக வருகின்றன. 2030க்குள் தீவு முழுவதும் சுமார் 1,300 கிமீ சைக்கிள் பாதை என்பது அரசின் திட்டம், அதனால் இன்றைக்குச் சரிப்படாத வட்டாரம் இரண்டு வருடம் கழித்துச் சரிப்படலாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் வேலை என்றால் கதை வேறு. அந்தக் குறுகலான தெருக்களில், கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி வழியில் காய்கறிக் கூடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் ஸ்கூட்டருக்கு வழியே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வீட்டுப் பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு, நிலையத்தில் உள்ள நிறுத்துமிடத்தில் நல்ல பூட்டாகப் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு ரயிலேறுவதே மேல்.

நேரக் கணக்கு, காசுக் கணக்கு

சராசரியாக நடந்தால் ஒன்றரை கிலோமீட்டருக்குப் பதினெட்டு நிமிடம். ஸ்கூட்டரில், சிக்னலும் ஆட்களும் சேர்த்து மணிக்கு 15 கிமீ என்று வைத்தால் ஆறு நிமிடம். அதோடு மடக்க, லிப்டுக்கு நிற்க, மறுபடி விரிக்க என்று மூன்று நான்கு நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் மிச்சம், இரண்டு பக்கமும் இப்படி இருந்தால் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கையில் நிற்கும். இதுவே வீடு நிலையத்திலிருந்து 600 மீட்டர்தான் என்றால் ஒன்றுமே மிஞ்சாது, நடந்துவிடுங்கள்.

காசு மிச்சமாகும் என்று நினைத்து வாங்க வேண்டாம். இங்கே கட்டணம் மொத்தப் பயணத் தூரத்தைப் பொறுத்தது, ஃபீடர் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினால் புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிப்பதில்லை, ஆகவே பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனால் மிஞ்சுவது சில காசுகள்தான். மின்சாரச் செலவும் பெரிதில்லை, 360 வாட்-மணி பேட்டரி ஒன்றை முழுதாக ஏற்ற பத்துப் பன்னிரண்டு காசு ஆகும். வண்டியின் விலையும், டயர், பிரேக் என்று பின்னால் வரும் செலவும்தான் பெரிது. இது நேரத்துக்காகவும் வியர்வையில்லாமல் போய்ச் சேருவதற்காகவும் வாங்குகிற வண்டி.

வண்டி

பாதை ஒத்துவந்தால் இப்போது கடைக்குப் போகலாம். சட்டப்படி எடை 20 கிலோவுக்குள், அகலம் 70 செமீக்குள், வேகம் 25 கிமீக்கு மேல் போகாத வண்டி. யுஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று கட்டாயம், அது இல்லாததை நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிய முடியாது, பதியாததை ஓட்ட முடியாது. ஓட்டுகிறவருக்கு 16 வயதாகியிருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் இணையவழித் தேர்வு ஒன்றிலும் தேறியிருக்க வேண்டும். தேர்வு கஷ்டமில்லை, விதிகளை ஒரு முறை ஒழுங்காகப் படித்தால் போதும். தேர்வுக்காக இல்லாவிட்டாலும் அதைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன், எந்தப் பாதையில் எது போகலாம் என்ற குழப்பமெல்லாம் அதில் தெளிந்துவிடும்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்தது. பலர் கோட்டைவிடுவது ரயிலில் ஏற்றும் அளவில். மடக்கிய நிலையில் வண்டி 120 செமீ நீளம், 70 செமீ அகலம், 40 செமீ உயரத்துக்குள் அடங்க வேண்டும். முதல் இரண்டு எண்களில் சிக்கல் வருவது அபூர்வம், மூன்றாவதில்தான் மாட்டும். உதாரணத்துக்கு, உலகமெங்கும் ஓடிய ஷாவ்மியின் எம்365 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மடக்கினால் 108, 43, 49 செமீ. 108 அடங்கிவிடும், 49ஐ எழுபதுக்குள் வைக்கலாம், ஆனால் கைப்பிடியின் 43 எங்கே போகும்? நாற்பதைத் தாண்டி மூன்று செமீ நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு மட்டும் மடங்கினால் போதாது, கைப்பிடியின் இரண்டு பக்கமும் மடங்க வேண்டும், அல்லது திருகிக் கழற்றும்படி இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும். அளவு நாடாவைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரரை மடக்கச் சொல்லி, மணி, விளக்கு, பிரேக் பிடி எல்லாம் பொருத்திய நிலையில் நீங்களே அளந்து பாருங்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்ப வேண்டாம்.

அடுத்தது எடை. சட்டம் 20 கிலோ வரை விடுகிறது என்பதற்காக 20 கிலோ வண்டி வாங்கினால் தினமும் ரயிலேற முடியாது. வீட்டில் 10 கிலோ அரிசிப் பை இருந்தால் அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். நல்ல மடக்கு ஸ்கூட்டர்கள் 12 முதல் 15 கிலோ இருக்கும், அதாவது அந்தப் பையைவிடக் கனம். நிலையத்தில் லிப்ட் பழுதாகிற நாளும் வரும். என் கருத்தில், ரயிலோடு சேர்த்து ஓட்டுகிறவருக்கு 14 கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை, பேட்டரி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நம் தேவை ஒரு நாளைக்கு ஆறேழு கிலோமீட்டர். சின்னப் பேட்டரியே அதற்குத் தாராளம், 40 கிமீ ஓடும் வண்டியை வாங்கி அந்தக் கனத்தைச் சும்மா சுமப்பானேன்?

டயரில் காற்றடைத்தது, கெட்டி ரப்பர் என்று இரண்டு வகை. கெட்டி டயர் பஞ்சராகாது, ஆனால் நனைந்த தரையில் பிடிமானம் குறைவு. மழை ஊரில் நான் காற்று டயர் பக்கம். வாரம் ஒரு முறை காற்றைப் பார்த்துவிட்டால் பஞ்சர் தொல்லையும் பாதி குறையும்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக

இதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் ஒரு செல் பழுதாகிச் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லையும் கெடுக்கும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும், சில நொடிகளில் மொத்தமும் பற்றிக்கொள்ளும். அதில் வரும் புகை நச்சு. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தீப்பிடித்து ஒருவர் இறந்தார், எரிந்துபோன மின்ஸ்கூட்டர்கள் அந்த வீட்டில் கிடந்தன. இதே தீ ஓடும் ரயிலில், சுரங்கத்துக்குள், காலை எட்டரை மணிக் கூட்டத்தில் பிடித்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டனில் 2021 நவம்பரில் ஒரு பாதாள ரயிலில் மின்ஸ்கூட்டர் பேட்டரி பற்றிக்கொண்டது, டிசம்பர் 13 முதல் அங்கே ரயில், பஸ் எல்லாவற்றிலும் மின்ஸ்கூட்டருக்கே தடை. பார்சிலோனாவிலும் ரயிலில் ஒரு ஸ்கூட்டர் வெடித்த பிறகு 2023 பிப்ரவரியில் தடை வந்தது. சிங்கப்பூரில் இன்னும் ஏற்ற விடுகிறார்கள் என்றால் அது சான்று பெற்ற வண்டிகளை நம்பித்தான். ஒருவர் செய்யும் கோளாறில் அத்தனை பேருக்கும் அந்த வசதி போய்விடும்.

யுஎல்2272 சோதனையில் பேட்டரி, மோட்டார், மின்னேற்றி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் என்ன ஆகிறது, ஷார்ட் சர்க்யூட் ஆனால் என்ன ஆகிறது, குலுக்கினால், தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் சான்று தருகிறார்கள். ஆகவே யாரோ சொன்னார் என்று மலிவாகக் கிடைத்த வேறு பேட்டரியை மாட்டினால் அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லாமல் போகிறது. மின்னேற்றியும் வண்டியோடு வந்ததேதான். பழைய வண்டியை இணையத்தில் பார்த்து வாங்குகிறவர்கள் பேட்டரி திறக்கப்பட்டிருக்கிறதா என்று திருகாணிகளைப் பாருங்கள். திருகாணித் தலை தேய்ந்து, மூடியின் ரப்பர் ஓரம் பிதுங்கியிருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் இரவு முழுக்க மின்னேற்றாதீர்கள். வேலையிலிருந்து வந்ததும், விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றி, நிறைந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். வாசல் கதவருகே வைத்து ஏற்றவே கூடாது, தீப்பிடித்தால் வெளியே ஓடுவதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். மழையில் ஓட்டி வந்த வண்டியைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். பேட்டரி வீங்கினாலோ, ஏற்றும்போது வழக்கத்துக்கு மாறாகச் சுட்டாலோ, ஒரு மாதிரி இனிப்பு வாடை அடித்தாலோ அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

நிலையத்திலும் ரயிலிலும்

நிலைய வாசலுக்கு வருவதற்கு முன்பே ஓரமாக நின்று மடக்கிவிடுங்கள், நுழைவாயிலில் நின்று மடக்கினால் பின்னால் வருகிறவர்கள் மோதிக்கொள்வார்கள். வரிசை இது: முதலில் மின்சாரத்தை அணைத்து, திரை இருளும் வரை பொறுங்கள். கைப்பிடிகளை மடக்கி, தண்டின் தாழ்ப்பாளைத் திறந்து சாய்த்து, பின் மட்கார்டில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தூக்கும்போது கொக்கி கழன்று வண்டி உங்கள் காலில், இல்லை பக்கத்தில் இருப்பவர் காலில் விழும். தண்டைப் பிடித்துத் தூக்கும்போது எந்த இடத்தில் பிடித்தால் முன்னும் பின்னும் சாயாமல் சமமாக நிற்கிறது என்று வீட்டிலேயே பார்த்து அங்கே ஒரு துண்டு டேப்பைச் சுற்றிவிடுங்கள். மோட்டார் எந்தச் சக்கரத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் கனம் கூடுதல் என்பதால் அந்த இடம் நடுவில் இருக்காது. கூட்டத்தில் தேடித் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நிலையத்துக்குள் வண்டி மடக்கியபடியே, அணைத்தபடியே இருக்க வேண்டும், வெளியே வரும் வரை. எஸ்கலேட்டரைத் தவிர்த்து லிப்டில் போங்கள், அகலமான கதவு வழியாக நுழையுங்கள். ஆனால் லிப்டில் சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் அடுத்த முறைக்கு நின்றுகொள்ளுங்கள். சக்கரம் நனைந்தோ அழுக்காகவோ இருந்தால் மூட வேண்டும். இதற்கென்று கயிறு இழுத்து மூடும் பெரிய துணிப்பை ஒன்றை முதுகுப்பையில் வைத்திருங்கள், முழு வண்டியும் அதற்குள் போய்விட்டால் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையிலோ புடவையிலோ கறை படாது. நம் மேல் வரும் எரிச்சலில் பாதி இந்தக் கறையால்தான் வருகிறது.

மடக்கிய வண்டியை நேரம் பார்க்காமல் எப்போதும் ஏற்றலாம், உச்சநேரத்திலும் தடையில்லை. இருந்தாலும் ரயில் நிரம்பி, கதவோரம் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருக்கும்போது ஏறாமல் அடுத்த ரயிலுக்கு நிற்பதுதான் முறை. வழக்கமாக ரயிலின் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் கூட்டம் கொஞ்சம் குறைவு. கதவுப் பக்கத்தையும் சக்கர நாற்காலிக்கான இடத்தையும் விட்டுவிட்டு, சுவரோரமாக நின்று வண்டியை உங்கள் காலுக்கும் சுவருக்கும் இடையே வையுங்கள். ஒரு சக்கரத்தைக் காலணியால் அண்டைகொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரேக் போடும்போது உருண்டு ஓடப் பார்க்கும்.

பஸ்ஸில் ஏற்றலாம், ஆனால் ஒரு பஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒன்றுதான், மாடி பஸ் என்றால் கீழ்த்தளத்தில் மட்டும். ஏற்கனவே ஒருவர் வைத்திருந்தால் நீங்கள் அடுத்ததற்கு நிற்க வேண்டும். ஆகவே பஸ்ஸை நம்பித் தினசரித் திட்டம் போடாதீர்கள்.

ரயிலில் வண்டியிலிருந்து புகையோ, சீறும் சத்தமோ வந்தால் பேட்டரியைக் கழற்றப் பார்க்காதீர்கள், கையால் தொடவும் வேண்டாம். சத்தம் போட்டு எல்லாரையும் அந்தப் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகரச் சொல்லி, கதவருகே உள்ள அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்தி ஊழியரிடம் சொல்லுங்கள். வெளியே என்றால் தீயணைப்புக்கு 995ஐ அழையுங்கள்.

ஓட்டும்போது

25 கிமீ என்பது உச்ச வரம்பு, அந்த வேகத்தில் ஓட்டியே ஆக வேண்டுமென்று இல்லை. காலை நேரத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் பாட்டிமார், நாயோடு நடப்பவர்கள் எல்லாரும் அதே பாதையில்தான் வருவார்கள். 15ஐத் தாண்டாதீர்கள், பேருந்து நிறுத்தத்தையும் புளோக் முனையையும் கடக்கும்போது நடை வேகத்துக்கு இறக்குங்கள். மணியைத் தூரத்திலிருந்தே ஒரு முறை மெல்ல அடியுங்கள், முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் வயதானவர்கள் பதறி எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்ல முடியாது. கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டக்கூடாது, இருட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். தலைக்கவசம் போடுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போவது சிரமம்தான், முதுகுப்பையின் வாரில் கொக்கி போட்டு மாட்டிவிடலாம்.

மழையில் மூன்று இடங்கள் வழுக்கும்: வடிகாலின் இரும்பு மூடி, பார்வையற்றோருக்காகப் பதித்த மேடு தட்டிய ஓடுகள், சாலையைக் கடக்கும் இடத்தில் அடித்த வெள்ளைக் கோடு. இவற்றின் மேல் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது, நேராகக் கடந்துவிட்டு அப்புறம் பிடியுங்கள். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் கொட்டுகிற நாளில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஈசி-லிங்க் கட்டண அட்டை சட்டைப்பையில்தானே இருக்கிறது, ஃபீடர் பஸ் ஏறிவிடலாம்.

நடந்து பார்த்ததில் உங்கள் வழியில் சைக்கிள் பாதையே இல்லை என்று தெரிந்தால், மோட்டார் இல்லாத காலால் உந்தும் ஸ்கூட்டரைப் பாருங்கள். நடைபாதைத் தடை மோட்டார் உள்ளவற்றுக்குத்தான், இதை நடைபாதையில் மணிக்கு 10 கிமீக்குள் ஓட்டலாம், பதிவு வேண்டாம், தேர்வு வேண்டாம், தீப்பிடிக்கும் பேட்டரியும் கிடையாது. ஐந்தாறு கிலோதான் எடை. பெரிய சக்கரம் வைத்தது பெரியவர்களுக்கும் நன்றாக ஓடும். மடக்கு சைக்கிளுக்கும் இதே 10 கிமீ வரம்புதான், ரயிலில் ஏற்ற அதே 120, 70, 40 அளவுதான்.